சிவப்புப் புள்ளி நாட்கள்

மார்ச் 21

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

என் கையெழுத்து உங்களுக்குத் தெரியாது. உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஒவ்வொரு டிசம்பரிலும் நீங்கள் புள்ளி வைத்து அவர் கையில் கொடுத்தனுப்பும் காலண்டரைத்தான் சொல்கிறேன். நீலப் புள்ளி உங்கள் நாள். சிவப்புப் புள்ளி என் நாள். இரண்டு நீலம், இரண்டு சிவப்பு. ஒரு புள்ளிகூடப் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்ததில்லை. "என்ன கை இது, அச்சடிச்ச மாதிரி"ன்னு ஒவ்வொரு வருடமும் சொல்வேன். அவர் சிரிப்பார்.

இரண்டு முறை உங்கள் வீட்டுக்கு ஃபோன் செய்தேன். உங்கள் மகன் எடுத்து "தப்பான நம்பர்" என்று வைத்துவிட்டார். மூன்றாவது தடவை கேட்க எனக்கும் ரோஷம் இருக்கிறது. நேரில் வரலாமென்றால், நம் வீட்டுக்காரர் போன நாளிலிருந்து உங்களைப் போல நானும் இத்தாவில் இருக்கிறேன். ஒரே மனிதருக்காக இரண்டு வீட்டில் இரண்டு பேர் வாசல் தாண்டாமல் உட்கார்ந்திருக்கிறோம். அதனால் இந்தக் கடிதம்.

மய்யித் பார்க்க, கடைசியாக அவர் முகம் பார்க்க, உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். கூடத்தில் பெண்களோடு பெண்ணாக நின்றேன். நீங்கள் உள்ளறையில் இருந்தீர்கள், கதவு சாத்தியிருந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு ஐந்து நிமிடம் கிடைத்தது. அவர் மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடிப் பள்ளம் இருந்தது. கண்ணாடி இல்லை.

உங்கள் மகன் அனுப்பிய பையில் அவருடைய சட்டைகள், தொழுகைத் தொப்பி, வண்டிச் சாவி எல்லாம் வந்தன. கண்ணாடி மட்டும் வரவில்லை. எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அந்தக் கண்ணாடியைத் தருவீர்களா?

இன்னொன்று. மார்ச் மூன்றாம் தேதி காலண்டரில் சிவப்புப் புள்ளி. பொழுது சாய்ந்து மஃரிப் தொழுதுவிட்டு அவர் என் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். கதவைத் தாழிடாமல் வைத்திருந்தேன். வரவில்லை. ஏன் வரவில்லை என்று உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். அதைச் சொல்லுங்கள்.

ஜூலை 13 வரை வீட்டில்தான் இருப்பேன். ஆஸ்பத்திரித் தையல் வேலையையும் வீட்டுக்கே அனுப்பிவிடுகிறார்கள். எப்போது பதில் வந்தாலும் வாங்க ஆள் உண்டு.

இப்படிக்கு,
உங்களுக்கு யாரென்று தெரிந்தவள்

மார்ச் 29

வ அலைக்குமுஸ்ஸலாம். சலாமுக்குப் பதில் சொல்வது கடமை.

உன் கடிதம் கிடைத்தது. முதலில் சில திருத்தங்கள்.

ஒன்று, இத்தா ஜூலை 13 வரை அல்ல. நான்கு மாதம் பத்து நாள் என்பதைப் பிறை பார்த்து எண்ண வேண்டும், சுவர்க் காலண்டரைப் பார்த்து அல்ல. அவர் இறந்தது முதல் பிறை தெரிந்த மாலை. ஆகையால் ஜூலை 9 மஃரிபோடு முடிகிறது. ஒரு மார்க்கக் கடமையை நான்கு நாள் கூட்டிச் செய்வதில் தனிப் பெருமை எதுவும் இல்லை.

இரண்டு, என்னை அக்கா என்று எழுத வேண்டாம். என் உடன்பிறந்தவர்கள் இருவரும் ஆண்கள்.

என் மகன் ஃபோனில் சொன்னது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கண்டித்திருப்பேன்.

அன்று மாலை அவருக்கு உடல் தளர்ச்சியாக இருந்தது. ஜன்னலருகே நாற்காலியில் உட்கார்ந்தார். இரவு இஷாத் தொழுகைக்கு முன் இறைவன் அழைத்துக்கொண்டான். மருத்துவர் இதயம் என்றார். நீ கேட்டதற்கு இதுவே பதில்.

கண்ணாடியைப் பற்றி இப்போது எழுத இயலாது.

மேற்கொண்டு எழுதுவதற்கு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நீ எழுதுவதானால் கோடு போட்ட தாளில் எழுது. உன் வரிகள் மலையேறுகின்றன.

மார்ச் மூன்றாம் தேதி விதவையான இருவரில் மூத்தவள்

ஏப்ரல் 6

அக்கா,

வேண்டாமென்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். வேறு எப்படிக் கூப்பிடுவது? "சக்களத்தி அவர்களுக்கு" என்று எழுதினால் தபால்காரம்மா கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொண்டுவருவார்.

கோடு போட்ட தாள் வாங்கிவிட்டேன். மகளிடம் சொன்னதும் அவள் கேட்டாள்: "யாரும்மா உங்களுக்குப் பரீட்சை வச்சிருக்காங்க?"

உடல் தளர்ச்சி என்று எழுதியிருக்கிறீர்கள். அக்கா, அந்த மனிதர் நூற்றுமூன்று காய்ச்சலோடு வண்டி ஓட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டி வந்தவர். மழையில் வந்தவர். இடுப்புப் பிடிப்போடு வந்தவர். வந்தாக வேண்டும், முறை தவறக்கூடாது என்பார். "ரெண்டு பேர்கிட்டயும் சமமா நடக்கலன்னா மறுமையில ஒரு பக்கம் சாஞ்சுதான் எழுந்திருக்கணும். அப்படி எழுந்திருக்க எனக்குத் தெம்பில்ல"ம்பார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியைக்கூட அவர் தவறவிட்டதில்லை. தளர்ச்சிக்காக விட்டிருக்க மாட்டார்.

அவர் வராமல் போனதற்கு நான்தான் காரணம் என்று நினைக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

மார்ச் முதல் தேதி எங்கள் வீட்டில் சண்டை. என் மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவள் அவர் பெற்ற மகள் இல்லை. லாரி விபத்தில் போன என் முதல் வீட்டுக்காரருக்குப் பிறந்தவள். இவர் கையில் வந்தபோது இரண்டு வயது. பள்ளிக்கூட ஃபாரத்தில் அப்பன் பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவர் இவர். நிக்காஹ் சபையில் நீங்கள் என் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று கேட்டேன். நானே வந்து அழைக்கிறேன் என்றேன்.

அவர் சொன்னார்: "அவ வரமாட்டா. கேட்டு அவமானப்படாத."

"நீங்க கேட்டீங்களா?"

"கேக்க வேண்டியதில்ல. எனக்குத் தெரியும்."

எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது. "ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நீங்கதான் மதில் மாதிரி நிக்கிறீங்க. ஊர் என்னைச் சின்ன வீடுன்னு சொன்னப்போ வாயை மூடிட்டு இருந்தேன். நிக்காஹ் பண்ணி வந்தவ நான். என் பொண்ணு கல்யாணத்துலயும் ஒளிஞ்சுதான் நிக்கணுமா? போங்க. இனிமே வராதீங்க"ன்னு சொல்லிட்டேன்.

வராதீங்க என்று இருபத்திரண்டு வருடத்தில் சொன்னதில்லை. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மார்ச் மூன்று வந்தது. அவர் வரவில்லை.

நான் சொன்னதைக் கேட்டுத்தான் அவர் உட்கார்ந்துவிட்டாரா, அக்கா? கோபத்தோடு போனாரா? ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுதுங்கள். தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

வரிகள் நேராக இருக்கின்றனவா?

ஏப்ரல் 19

வரிகள் நேராக இருக்கின்றன.

பதில் தாமதமானதற்கு நோய் காரணமல்ல, வேலை காரணமல்ல. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

அவர் உன்மேல் கோபமாக இல்லை. இதை நம்பு.

உன் மகளின் நிக்காஹுக்கு என்னை அழைக்க நினைத்தாய் என்பது எனக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று நேர்மையாக யோசித்தேன். மறுத்திருப்பேன். பிறகு மூன்று நாள் தூங்கியிருக்க மாட்டேன். ஆகையால் அவர் கணிப்பு பாதிதான் சரி.

நீ வந்ததை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்பதையும் சொல்கிறேன். அவர் இரண்டாம் நிக்காஹ் செய்யப்போவதாகச் சொன்னபோது நான் அழவில்லை, கத்தவில்லை. கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் பதினொரு வருடம் படித்தவள் நான். அழுவதானால் வகுப்பு முடிந்து போய் அழ வேண்டும் என்பது அங்கே சட்டம். அவரிடம் சொன்னேன்: "அனுமதி உங்களுக்கு இருக்கு. நீதமும் இருக்கணும். அது உங்க இஷ்டத்துக்கு இருக்காது, நான் எழுதித் தர்ற மாதிரி இருக்கும்." அன்று மாலையே நீல மை, சிவப்பு மை இரண்டும் வாங்கிவரச் சொன்னேன். உனக்குச் சிவப்பு கொடுத்தது மரியாதைக்காக அல்ல. திருத்தம் போடும் நிறம் அது.

முதல் வருடம் சிவப்புப் புள்ளி நாட்களில் வீட்டிலுள்ள எல்லா அலமாரியையும் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்திருந்த அலமாரிகளையும் துடைத்தேன். அவருடைய வண்டிச் சத்தம் தெருமுனையில் திரும்பி மறையும்வரை குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வேன். ஐந்தாம் வருடம் குழாயைத் திறப்பதை விட்டேன். பத்தாம் வருடத்தில் அந்த நாட்களில்தான் படித்தேன். சில புத்தகங்கள் பாதியில் நிற்கும்போது நீலப் புள்ளி வந்துவிட்டதே என்று எரிச்சல்பட்டதும் உண்டு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உனக்கு மட்டும்தான் இது புரியும் என்பது விசித்திரம்.

அவருடைய கண்ணாடிக் கடையில் பவர் எழுதும் அட்டைகளை முப்பது வருடம் நான்தான் எழுதினேன். ஒரு எண் தவறினால் ஒரு மனிதன் படியில் உருண்டுவிடுவான். தவறு செய்ததில்லை என்று சொல்லிக்கொள்வேன்.

இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. இன்றைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது.

மே 2

அக்கா,

உங்கள் கடிதத்தை ஆறு தடவை படித்தேன். அலமாரி துடைத்த இடத்தை மட்டும் இன்னும் நான்கு தடவை. எனக்கும் அப்படித்தான். நீலப் புள்ளி நாட்களில் நான் மிஷினில் உட்கார்ந்து தைத்துத் தள்ளுவேன். ஆபரேஷன் தியேட்டருக்குப் போடும் பச்சைத் துணிகளில் ஓட்டை இருக்கக்கூடாது. ஒவ்வொன்றையும் ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்து, ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே ஒட்டுப் போட வேண்டும். ஆஸ்பத்திரியில் சொல்வார்கள்: "இவ கண்ணுக்கு எதுவும் தப்பாது." என்ன செய்வது, வீட்டில் யாரையும் பார்க்க வேண்டியதில்லாத நாட்களில் கண் துணியில்தானே இருக்கும்.

அவர் உங்களுக்கு வைத்த பெயர் தெரியுமா? நீதிபதி. "நீதிபதி தீர்ப்புச் சொல்லிட்டா, மேல்முறையீடு கெடையாது"ன்னு சொல்வார். பயமும் பெருமையும் சரிபாதியாக இருக்கும். நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். என்னைப் பற்றி அவருக்குப் பயமே இருந்ததில்லை.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். நீங்கள் மறந்திருக்கலாம். அந்த வாரம் அவர் நீலப் புள்ளி நாளிலும் வந்து நின்றார். "போங்க, அவங்க நாள் இது"ன்னேன். சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அந்த மாதத்தை மட்டும் நீங்கள் புதிதாக எழுதியிருந்தீர்கள். வரிசையாக ஏழு சிவப்புப் புள்ளி. ஒரு வார்த்தை இல்லை. நலமா, எப்படி இருக்கிறாய், ஒன்றும் இல்லை. ஏழு புள்ளி. அதை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் அழுதேன். பக்கத்துக் கட்டில் அம்மா, "யாரும்மா எழுதியிருக்காங்க, உன் அம்மாவா?"ன்னு கேட்டாங்க. நான் ஆமான்னு சொன்னேன்.

அப்படிப்பட்டவர் நீங்கள். அதனால்தான் கேட்கிறேன். "கோபமாக இல்லை, நம்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னாரா? எந்த வார்த்தையில் சொன்னார்? ஒரு பவர் அட்டையில் "கண் நன்றாக இருக்கிறது, நம்பு" என்று எழுதிக் கொடுப்பீர்களா?

உங்கள் கடிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஓட்டை இருக்கிறது.

என் மனது நோகக்கூடாதென்று மறைக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நல்ல மனசு. ஆனால் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான் வராதே என்றேன், அவர் வரவில்லை. மகளிடம் நிக்காஹைத் தள்ளிப்போடலாம் என்று சொல்லிவிட்டேன். புருஷனை வாயால் துரத்தி அனுப்பியவள் எந்த முகத்தோடு சபையில் உட்கார்ந்து மகளை அனுப்பிவைப்பாள்? அவள் அழுகிறாள். மாப்பிள்ளை வீட்டில் காரணம் கேட்கிறார்கள். நான் பேசுவதையே விட்டுவிட்டேன்.

இனி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன். கண்ணாடி உங்களிடமே இருக்கட்டும்.

மே 20

நிக்காஹைத் தள்ளிப்போடாதே. இந்தக் கடிதத்தை முழுவதும் படித்த பிறகு என்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும், அதை மட்டும் தள்ளிப்போடாதே.

இத்துடன் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். அதில் அவர் கண்ணாடி இருக்கிறது. அது இத்தனை நாள் எங்கே இருந்தது என்று சொல்கிறேன்.

பள்ளியில் என்னோடு படித்த கிறிஸ்தவப் பெண்கள் வெள்ளிக்கிழமைகளில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவார்கள். மரத் தடுப்புக்குப் பின்னால் முகம் தெரியாத ஒருவரிடம் சொல்லிவிட்டு, துள்ளிக்கொண்டு வெளியே வருவார்கள். நான் வராந்தாவில் நின்று பொறாமையோடு பார்ப்பேன். நமக்கு அந்த வசதி இல்லை. மனிதருக்குச் செய்த தவறை அந்த மனிதரிடமே சொல்ல வேண்டும். அவர் மன்னிக்காமல் இறைவனும் மன்னிப்பதில்லை. அறுபத்தெட்டு வயதுவரை அப்படி யாரிடமும் போய் நிற்க எனக்கு நேரவில்லை. இன்று உன்னிடம் நிற்கிறேன்.

மார்ச் மூன்றாம் தேதி எனக்குக் காய்ச்சல். மத்தியானத்திலிருந்தே நடுக்கம். அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் உனக்கு ஃபோன் செய்து கேட்டிருப்பார். நீ உடனே "அங்கேயே இருங்க" என்று சொல்லியிருப்பாய். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. உன் சம்மதத்தால் எனக்குக் கிடைக்கும் ஒரு மாலை. இருபத்திரண்டு வருடத்தில் அவரிடம் "இருங்கள்" என்று நான் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. அன்றும் சொல்ல வாய் வரவில்லை.

மஃரிபுக்குக் கை முகம் கழுவி ஒளூ செய்யும்போது கண்ணாடியைக் கழற்றிக் குழாயடியில் வைத்தார். நான் அதை எடுத்தேன். புத்தக அலமாரியில் பெரிய அகராதிக்குப் பின்னால் வைத்தேன். கண்ணாடி இல்லாமல் அவரால் வண்டி ஓட்ட முடியாது. ஊருக்கெல்லாம் பார்வை கொடுத்தவருக்குத் தன் கைவிரல்கூடச் சரியாகத் தெரியாது என்பது உனக்கும் தெரியும்.

வீட்டிலேயே தொழுதுவிட்டுத் தேட ஆரம்பித்தார்.

"நீதிபதி, என் கண்ணாடியைப் பாத்தியா?"

"இல்ல. வச்ச எடத்துல தேடுங்க" என்றேன்.

மேஜையைத் தடவினார். ஜன்னல் விளிம்பைத் தடவினார். சிரித்துக்கொண்டேதான் தேடினார். தேடும்போது சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை: "இன்னைக்கு எப்படியும் போயாகணும். முந்தாநாள் வானொலியைக் கோவப்படுத்திட்டேன். தப்பு என்மேலதான். அவ கேட்டது நியாயம். போய் மன்னிப்புக் கேக்கணும். அப்புறம் உன்கிட்டயும் ஒண்ணு கேக்கணும், பயமா இருக்கு, நாளன்னிக்கு வந்து கேக்கறேன்."

வானொலி என்பது நீ. என்னிடம் உன்னை அப்படித்தான் குறிப்பிடுவார். ஓயாமல் பேசுவாய் என்று. என்னிடம் அவர் கேட்க நினைத்தது என்ன என்று உன் ஏப்ரல் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு சொன்னார்: "அவளுக்கு ஒரு ஃபோன் போட்டு, கொஞ்சம் பிந்தும்னு சொல்லு. கதவைத் திறந்து வச்சிட்டுக் காத்துக்கிட்டு இருப்பா."

"சரி" என்றேன். ஃபோன் அருகே போய் நின்றேன். கையில் எடுக்கவில்லை. உன் குரலைக் கேட்க வேண்டியிருக்குமே என்று எடுக்கவில்லை.

அவர் ஜன்னலருகே நாற்காலியில் உட்கார்ந்தார். "முதப் பிறை இல்ல இன்னைக்கு? தெரியுதா பாரு" என்றார். தெரிகிறது என்றேன். "எனக்கு எல்லாமே கலங்கலா இருக்கு" என்றார். கண்ணாடி இல்லாததால் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்போதுதான் வெட்கம் வந்தது. போய் அகராதிக்குப் பின்னாலிருந்து எடுத்துவந்தேன். இருபது அடி தூரம். திரும்பி வந்தபோது தலை சாய்ந்திருந்தது. கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டிவிட்டுக் கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். ஆட்கள் வருவதற்கு முன் கழற்றி எடுத்துக்கொண்டேன்.

நீ கூடத்தில் நின்ற அந்த ஐந்து நிமிடமும் நான் கதவுக்குப் பின்னால் இந்தக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் உன்னிடம் வரப் புறப்பட்டவர். நான் தடுத்தேன். என் வீட்டில், என் நாற்காலியில் போனார் என்ற பெருமை ஊர் எனக்குக் கொடுத்தது. அது திருட்டுப் பொருள். சொந்தக்காரியிடம் திருப்பித் தருகிறேன்.

மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் உரிமை.

மே 27

கண்ணாடி கிடைத்தது.

இப்போது எதுவும் எழுத முடியாது. கேட்கவும் வேண்டாம்.

ஜூன் 11

பதிலை எதிர்பார்த்து இதை எழுதவில்லை. உனக்குத் தெரிய வேண்டிய இரண்டு செய்திகள்.

என் மகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன், "ஏம்மா அதை அவங்ககிட்ட சொன்னீங்க? சொல்லலன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே" என்றான். அவனை எப்படி வளர்த்தேன் என்று எனக்கே சந்தேகம் வந்தது. "தப்பான நம்பர்" என்று ஒரு விதவையிடம் சொன்னதற்கு உன்னிடம் நேரில் மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். நாற்பது வயது, காதைத் திருக முடியவில்லை. ஆனால் வருவான்.

இரண்டாவது. இந்த வருடக் காலண்டர் இன்னும் என் சுவரில் இருக்கிறது. டிசம்பர்வரை புள்ளிகள் இருக்கின்றன. கழற்றலாம் என்று கை வைத்தேன். கழற்றவில்லை. காலையில் எழுந்ததும் இன்று என்ன நிறம் என்று பார்க்கிறேன். சிவப்பாக இருந்தால் உன்னை நினைக்கிறேன். இருபத்திரண்டு வருடமும் அதைத்தான் செய்திருக்கிறேன், வேறு மாதிரி.

என்னிடம் யாரும் இதுவரை "ஓட்டை இருக்கிறது" என்று எழுதியதில்லை. எழுதும் தைரியம் என் வீட்டில் யாருக்கும் கிடையாது, அவருக்கும் சேர்த்து. உன்னைப் பார்த்து அவருக்குப் பயமே இருந்ததில்லை என்றால், அவருக்கு ஆளைத் தெரியவில்லை.

ஜூன் 28

அக்கா,

ஒரு மாதம் உங்களை மனதுக்குள் திட்டினேன். நன்றாகவே திட்டினேன். தைத்துக்கொண்டே திட்டினேன். ஒட்டுப் போட்ட துணியெல்லாம் இரட்டைத் தையலாகப் போயிருக்கிறது. "என்னம்மா, குண்டு துளைக்காத துணியா தைக்கிறீங்க"ன்னு ஆஸ்பத்திரியிலிருந்து மூட்டை எடுக்க வரும் ஆயாம்மா கேட்டாங்க.

அவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். சுவர், மிஷின், மகள், எல்லாம் கரைந்து போயிற்று. அதைப் போட்டுக்கொண்டே உங்கள் கடிதத்தைப் படிக்கப் பார்த்தேன். ஒரு எழுத்தும் தெரியவில்லை. கழற்றிவிட்டுத்தான் படித்தேன். "தப்பு என்மேலதான், போய் மன்னிப்புக் கேக்கணும்." அந்த வரியை மட்டும் மகளைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். அவள் படித்ததும் எனக்கு வாய் திறந்துகொண்டது. இன்னும் மூடவில்லை என்கிறாள்.

நிக்காஹ் தள்ளிப்போகவில்லை.

ஆஸ்பத்திரி இதய டாக்டரம்மாவிடம் ஃபோனில் விசாரித்தேன். நடந்ததைச் சொல்லி, கண்ணாடி இருந்து அவர் வண்டியில் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "பாலத்து நடுவுல விழுந்திருப்பார், பின்னாடி லாரி வந்திருக்கும்" என்றார். ஒரு வீட்டுக்காரரை லாரியில் கொடுத்தவள் நான். அதற்குப் பிறகு அன்று முழுக்க மிஷினைத் தொடவில்லை. இதை உங்களுக்கு ஆறுதலாக எழுதவில்லை. விசாரித்தேன், தெரிந்தது, எழுதுகிறேன்.

கண்ணாடியை ஒளித்ததை மன்னித்துவிட்டேன். இறைவன் சாட்சி. காய்ச்சலோடு இருந்தும் "இருங்க" என்று சொல்லத் தெரியாத ஒரு பெண் என்ன செய்வாள் என்று யோசித்தேன். நானாக இருந்தால் தரையில் உருண்டு அழுது நிறுத்தியிருப்பேன். உங்களுக்கு அகராதிதான் கிடைத்திருக்கிறது.

ஃபோன் செய்யாததை இன்னும் மன்னிக்கவில்லை. முயற்சி செய்கிறேன். அன்று கதவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் அவருக்காகக் காத்து உட்கார்ந்திருந்தது இன்னும் இடுப்பில் இருக்கிறது.

நீங்கள் யாரிடமும் சொல்லாமலே இருந்திருக்கலாம். உங்கள் மகன் சொன்னது சரிதான், யாருக்கும் தெரிந்திருக்காது. நான் மட்டும் சாகிறவரை என் வாயைக் குறைசொல்லிக்கொண்டே இருந்திருப்பேன். அந்தப் பாரத்தை என்மேலிருந்து எடுத்து உங்கள் தலையில் வைத்துக்கொண்டீர்கள். ஏழு சிவப்புப் புள்ளி வைத்த அதே கை. அதனால் என் மனதுக்குள் திட்டும்போதுகூட "நீ" வரவில்லை, "நீங்கள்"தான் வந்தது.

தம்பி, உங்கள் மகன்தான், வந்து போனார். வாசலிலேயே நின்று, "தப்பான நம்பர்னு சொன்னது தப்பு"ன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டுச் சாப்பிட வைத்தேன். உங்கள் மாதிரியே சாப்பாட்டுத் தட்டில் எல்லாவற்றையும் தனித்தனியாக ஒதுக்கி வைத்துச் சாப்பிடுகிறார். அப்படித்தானே நீங்களும்? அவர் சொல்லியிருக்கிறார்.

கடைசியாக, கணக்கு வேண்டாம், முறை பேசுவோம். நீங்கள் சொன்னபடி பிறை பார்த்து எண்ணினேன். ஜூலை 9 மஃரிபோடு நம் இருவருக்கும் ஒரே நேரத்தில் இத்தா முடிகிறது. காலண்டரைப் பார்த்தேன். ஜூலை 9 சிவப்புப் புள்ளி. பத்தும் சிவப்பு. நீங்கள் வைத்த புள்ளி, என் கைவேலை இல்லை.

என் முறை ஒன்று உங்களிடம் நிற்கிறது. அவரால் இனி வர முடியாது. நீங்கள் வாருங்கள். மஃரிப் தொழுதுவிட்டு, பாலத்தைத் தாண்டி, அவர் வரும் வழியாக. இரண்டு நாள் தங்க வேண்டும். முறை என்றால் முழு முறை.

நிக்காஹ் அழைப்பிதழை இதோடு வைக்கவில்லை. நேரில்தான் தருவேன்.

வானொலி

ஜூலை 5

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தத் தடவை முதல் சலாம் என்னுடையது.

தீர்ப்பு நியாயமானது. மேல்முறையீடு செய்யவில்லை.

சில விவரங்கள். நான் உப்புக் குறைவாகச் சாப்பிடுகிறவள். தட்டில் தனித்தனியாகத்தான் ஒதுக்குவேன், அதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அதிகாலையில் எழுந்துவிடுவேன். விடிந்ததும் அலமாரி துடைத்தால் தடுக்காதே, பழக்கம். பேச்சு அதிகம் இருக்கும் என்று இருபத்திரண்டு வருடமாகக் கேள்விப்பட்டிருக்கிறேன், தயாராக வருகிறேன். உன் மகளுக்கு என் அகராதியைக் கொண்டுவருகிறேன். அதன் பின்னால் இனி எதுவும் வைக்க இடம் இருக்கக் கூடாது.

சபையில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று நீ நேரில் சொல். வலது காது எனக்குக் கொஞ்சம் மந்தம்.

வண்டி ஓட்ட ஆளை அமர்த்தியாயிற்று. மஃரிப் முடிந்த பத்தாவது நிமிடம் புறப்படுவேன். பாலத்தில் மாலை நேரம் நெரிசல் இருக்கும் என்கிறார்கள். நீ முக்காலியில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டாம். ஐந்து நிமிடம் பிந்தினாலும் நானே ஃபோன் செய்வேன்.

அக்கா